சித்தி நடித்த அலமாரிக் காட்சி

இதில் நிறைய பேய்கள் வரும். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் போலி. எந்தப் பேய்க்கு எந்த வீட்டுத் திரைச்சீலையைக் கிழித்து உடை தைத்தார்கள் என்றுகூட என்னால் சொல்ல முடியும். மிச்சமிருக்கும் அந்த ஒன்றுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த அறையில் இருந்தவர்களைத் தனித்தனியாகப் பிடித்துக் கேட்டேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் மூச்சு விடவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார்கள். ஓர் இடம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எல்லோருக்கும் அது ஒரே இடம்.

இன்னொன்று. இது நடுராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகலில் நடந்தது. அறைக்குள் மட்டும் கும்மிருட்டு. அந்த இருட்டையும் அவர்களேதான் செய்திருந்தார்கள்.

அவர்களில் முக்கியமானவன் ஒருவன். அவன் பெயர் எதற்கு? ஊரில் எல்லோரும் ரோலிங் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாரம் முழுக்கக் கண்ணாடியைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்தி, வருகிறவர்களின் காதுக்குப் பின்னால் வளைத்து விடுவான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பேய்ப்படம் எடுப்பான். கேமரா என்னவோ கையகலம்தான். ஆனால் ஒவ்வொரு காட்சியையும் ஆரம்பிக்கும்போது “ரோலிங்!” என்று அவன் போடுகிற சத்தத்தில் தெருவில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

நல்ல படங்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு படத்தில், நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன பேய் கையில் வாட்ச் கட்டியிருந்தது. இன்னொன்றில் தலை மட்டும் தனியாகப் பறந்தது. அதைக் கட்டி இழுத்த மீன்பிடி நரம்பும் கூடவே பளபளவென்று பறந்தது. ரத்தத்துக்குத் தக்காளிச் சாறு ஊற்றி, எறும்பு மொய்த்து, பிணமாகக் கிடந்தவன் எழுந்து ஓடிவிட்டான். ரோலிங் அந்த ஓட்டத்தையும் வெட்டாமல் படத்திலேயே வைத்துவிட்டான். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஆனாலும் பார்த்தார்கள். திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். கோடி கோடியாகக் கொட்டி எடுத்த பெரிய படங்களைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள், இவனுடைய படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுக்கும்போது ஒருமுறை கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். அது ஏன் என்று ரோலிங்கிடம் கேட்டால் ரெடியாக ஒரு பதில் வைத்திருப்பான்.

“பெரிய படத்துப் பேய் கம்ப்யூட்டர்லருந்து வருது. நம்ம பேய் பக்கத்து வீட்லருந்து வருது. எது பயம்னு நீங்களே சொல்லுங்க.”

பக்கத்து வீடு என்று அவன் சொன்னது சித்தி வீட்டை. ரோலிங்கின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த தங்கை. நாலு தெரு தள்ளி மாடி வீடு. திரைச்சீலை, தலையணை உறை, சோபா உறை எல்லாம் தைப்பாள். சித்தப்பா போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. ஒரே மகள். அவளுக்கு வேறு ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வீட்டில் தையல் மிஷினும் சித்தியும் மட்டும்தான். ரோலிங்கின் எல்லாப் படத்திலும் சித்திதான் பேய். உடையை அவளே தைத்துக்கொள்வாள், முகத்துக்கு மாவை அவளே குழைத்துப் பூசிக்கொள்வாள்.

“மாவெல்லாம் எதுக்குடா? காலைல எந்திரிச்ச மூஞ்சியோட வந்து நின்னா போதாதா?” என்று கேட்டுவிட்டு, தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பாள். அவளுக்கு இந்த விளையாட்டு அவ்வளவு பிடிக்கும்.

ராத்திரிக் காட்சியை ராத்திரியில் எடுக்க இவர்களிடம் வசதி கிடையாது. நல்ல விளக்குகள் வேண்டும், மறுநாள் வேலைக்கும் போக வேண்டும். அதனால் மதியமே எடுத்துவிடுவார்கள். ஜன்னலில் கறுப்புக் குப்பைப் பைகளை ஒட்டி, இடுக்கையெல்லாம் டேப்பால் அடைத்து, மேஜை விளக்குக்கு நீலக் காகிதம் சுற்றிவிட்டால் நள்ளிரவு தயார். வெளியே குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் சத்தம் கேட்கும். உள்ளே பேய் உலாவும்.

கடைசியாக எடுத்த படத்தில் ஓர் அலமாரிக் காட்சி இருந்தது. சித்தி வீட்டு மாடியறையில் ஆள் உயர மர அலமாரி ஒன்று உண்டு. சித்தி குடும்பம் அந்த வீட்டுக்கு வரும்போதே அங்கே இருந்தது. வாசல் வழியாக வெளியே போகாது என்று முன்பு இருந்தவர்கள் விட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். சுவரோடு ஒட்டி நிற்கும். கதவு தானாக நிற்காமல் திறந்துகொள்ளும் என்பதால் வெளிப்பக்கம், சற்றுத் தாழ்வாக, ஒரு தாழ்ப்பாள்.

காட்சி இவ்வளவுதான். கதாநாயகி கட்டிலில் உட்கார்ந்து தலைவாருவாள். தாழ்ப்பாள் தானாக நகரும். கதவு திறக்கும். பேய் வரும். தாழ்ப்பாளை மீன்பிடி நரம்பு கட்டி இழுப்பது ரோலிங்கின் வேலை. உள்ளே இருக்கிற சித்திக்கு வெளியே நடப்பது தெரியாது என்பதால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சித்தி உள்ளேயிருந்து ஒரு தட்டு தட்டினால் தயார் என்று அர்த்தம். இரண்டு தட்டு தட்டினால், போதும், முடியவில்லை, திற என்று அர்த்தம். இரண்டு தட்டு கேட்டால் எது நடந்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டுத் திறக்க வேண்டும். சித்திதான் அப்படிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒத்திகையில் ஒருமுறை தட்டியும் காட்டினாள். அவன் உடனே திறந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அறையில் நான்கு பேர். ரோலிங். கேமராவைப் பிடித்தவன்; கல்யாண வீடியோ எடுக்கிறவன், நெட்டையாக நிற்பதால் ஸ்டாண்டு என்று பெயர். கதாநாயகி, பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிற பெண். பயப்படச் சொன்னால் பல்வலி வந்தவர்களைப் போல் முகத்தை வைத்துக்கொள்வாள். அப்புறம் சித்தி.

“சீக்கிரம் முடிச்சிருடா. உள்ள வேகுது,” என்று சொல்லிவிட்டு சித்தி உள்ளே போனாள். அவன் தாழ்ப்பாளைப் போட்டான். நரம்பை விரலில் சுற்றிக்கொண்டான்.

டக்.

ஒரு தட்டு. தயார்.

“ரோலிங்!”

கதாநாயகி தலைவாரினாள். அவன் நரம்பை இழுக்கப் போனான்.

டக்... டக்.

சீப்பு நின்றது.

சத்தம் கீழேயிருந்து, தரையோடு ஒட்டி வந்தது. காலால் உதைக்கிறாள் போலிருக்கிறது என்று ரோலிங் நினைத்துக்கொண்டான். கதாநாயகி மெல்லத் திரும்பி அலமாரியைப் பார்த்தாள். அந்தச் சின்னத் திரையில் அவள் முகத்தைப் பார்த்த ரோலிங்குக்கு உடம்பு சிலிர்த்தது. பல்வலி முகம் இல்லை. நிஜமான பயம். அவன் எடுத்த எந்தப் படத்திலும் வராத பயம்.

ஸ்டாண்டு இவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். திறக்கலையா?

ரோலிங் கையைத் தூக்கினான். இரு.

டக்... டக்.

டக்... டக்.

நரம்பு அவன் விரலில்தான் சுற்றியிருந்தது. ஒரு சுண்டு சுண்டினால் போதும். அவன் சுண்டவில்லை. “எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இழுக்கலை,” என்று அவனே என்னிடம் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு இழுத்தான். கதவு திறந்தது. சித்தி வந்தாள். முகத்து மாவெல்லாம் வியர்வையில் கோடு கோடாக வழிந்திருந்தது. ஓரடி வைத்தவள் அப்படியே அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

“உள்ள என்னடா, அடுப்பா வச்சிருக்க? தண்ணி... தண்ணி குடு,” என்று சிரிக்கப் பார்த்தாள்.

அவன் கீழே ஓடித் தண்ணீர் கொண்டுவந்தான். அதற்குள் எழுந்து நின்றிருந்தாள்.

“நல்லா வந்துச்சா?”

“பிரமாதம் சித்தி.”

அவ்வளவுதான். தட்டினேனே, ஏன்டா திறக்கவில்லை என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் அவன் மன்னிப்புக் கேட்டிருப்பான். காதைத் திருகியிருந்தால் காலில் விழுந்திருப்பான். அவள் கேட்காமல் விட்டதுதான் அவனை விடாமல் உறுத்தியது.

அந்த வாரமே சித்தி போய்விட்டாள். தையல் மிஷின்மீது தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்தோம் என்றார்கள் துணி வாங்க வந்தவர்கள். இதயம் ரொம்ப நாளாகவே பலவீனமாக இருந்திருக்கிறது என்றார் மருத்துவர். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. படப்பிடிப்பு என்ற பேச்சே எடுபடவில்லை. இறுதிச் சடங்கில் தங்கை, அதாவது சித்தி மகள், இவன் தோளில் சாய்ந்துதான் அழுதாள். “உன் படத்துல நடிக்கறப்பதான் அம்மா சந்தோஷமா இருந்தாங்கண்ணா,” என்றாள். ரோலிங்குக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

படத்தை அவன் முடிக்காமல் விட்டிருக்கலாம். விடவில்லை. சித்திக்குச் செய்கிற மரியாதை என்று எல்லோரிடமும் சொன்னான். உண்மை வேறு. அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தபோது அவனால் விட முடியவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

ஒரு சின்ன மண்டபத்தில் போட்டார்கள். ஜனங்கள் வழக்கம்போல் சிரித்தார்கள். பேயின் மூக்கில் கண்ணாடி போட்ட தடம் தெரிந்தது, சிரிப்பு. பேயின் காலில் ரப்பர் செருப்பு, இன்னும் சிரிப்பு. அலமாரிக் காட்சி வந்தது. அந்த முதல் இரண்டு தட்டு... மண்டபம் அடங்கிப்போனது. யாரோ ஒரு குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டார்கள். சுற்றிலும் எல்லாம் அப்பட்டமான பொய்யாக இருக்கும்போது நடுவில் ஒன்று மட்டும் நிஜமாக இருந்தால் அது பளிச்சென்று தெரிந்துவிடும். இப்படிப்பட்ட படங்களை ஜனங்கள் தேடித் தேடிப் பார்ப்பதே அந்த ஒன்றுக்காகத்தான் என்று ரோலிங்குக்கு அன்றைக்குப் புரிந்தது. புரிந்த சந்தோஷத்தைக் கொண்டாட முடியாமல், விளக்கு எரிவதற்கு முன்பே எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான்.

“அந்தத் தட்டுற சத்தம் இருக்கே, எப்படிங்க எடுத்தீங்க?” என்று வெளியே வந்தவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

“சும்மா... தானா அமைஞ்சது,” என்றான்.

அதற்கப்புறம் பல தடவை அந்தக் காட்சியை வெட்டிப் பார்த்தான். அது இல்லாமல் படம் சப்பென்று இருந்தது. திரும்பச் சேர்த்தான். வெட்டும்போது நல்ல மனுஷனாகவும் சேர்க்கும்போது கொலைகாரனாகவும் தன்னைத் தானே நினைத்துக்கொண்டான். ஆனால் சேர்த்தான்.

தங்கை அந்த ஊர் வேலையை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்கே குடி வந்தாள். இங்கேயே ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தாள். ஒருநாள் கேட்டுவிட்டாள்.

“எல்லாரும் பாத்துட்டாங்க. நான் மட்டும்தான் பாக்கலை. நம்ம வீட்லயே போடுண்ணா. அம்மா ரூம்ல.”

மறுக்க வழியில்லை. ஆனால் இரண்டு தட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். சித்தி எல்லாவற்றையும் போனில் மகளிடம் ஒப்பிக்கிற ஆள். அந்தச் சத்தத்தைக் கேட்டால் போதும். தன் அம்மா திற திற என்று கெஞ்சியதும், அண்ணன்காரன் கேட்டுக்கொண்டே நின்றதும் அவளுக்கு விளங்கிவிடும். அவளுக்கு அண்ணன் என்று இருந்தது இவன் ஒருவன்தான். அந்த உறவும் அறுந்துபோகும்.

அதனால் அவளுக்கென்று தனியாக ஒரு பிரதி செய்தான். அந்தக் காட்சியில் சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டான். வெறும் நிசப்தம். ஒருமுறைக்கு நான்குமுறை போட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. அதே அறை, ஜன்னலில் அதே கறுப்புப் பைகள். சுவரில் வெள்ளைப் போர்வை கட்டினார்கள். ஸ்டாண்டு தன் புரொஜெக்டரைக் கொண்டுவந்தான். ரோலிங்கின் அம்மா நாற்காலியில், தங்கையும் கதாநாயகியும் பாயில். ஸ்பீக்கர் வலப்பக்கம், தையல் மிஷின்மேல். அலமாரி இடப்பக்கம், தாழ்ப்பாள் போட்டு இருந்தது. உள்ளே சித்தி விட்டுப்போன துணிகள்.

படம் ஓடியது. செருப்புப் போட்ட பேயைப் பார்த்துத் தங்கை கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “அய்யோ அம்மா... அய்யோ இந்த நடையைப் பாரேன்,” என்று பாயில் உருண்டாள். அத்தனை நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. செய்தது நல்லதுதான் என்று ரோலிங் மூச்சு விட்டான்.

அலமாரிக் காட்சி வந்தது.

சத்தமில்லாமல் கதாநாயகி தலைவாரினாள். சத்தமில்லாமல் திடுக்கிட்டாள். ஒன்றுமே இல்லாததற்கு அவள் அப்படி முழிப்பது வேடிக்கையாகத்தான் இருந்தது.

“எதுக்கும்மா இந்த முழி முழிக்கிற?” என்று அம்மா சிரித்தாள்.

டக்... டக்.

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

ரோலிங் ஸ்பீக்கரைப் பார்த்தான். தப்பான பிரதியைக் கொண்டுவந்துவிட்டோமா என்றுதான் முதலில் தோன்றியது. எட்டி ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான். சின்ன விளக்கு அணைந்தது.

படம் ஊமையாக ஓடியது.

டக்... டக்.

இடப்பக்கமிருந்து வந்தது.

கீழேயிருந்து... தரையோடு ஒட்டி.

யாரும் அசையவில்லை. வெளியே எங்கேயோ சைக்கிள் மணி.

ஸ்டாண்டு இவனைப் பார்த்தான். புருவம் உயர்ந்தது.

ரோலிங்கின் கை தானாக மேலே எழுந்தது. இரு, என்று சொல்கிற கை.

தன் கையை அவனே பார்த்தான்.

டக்... டக்.

“சித்தி!”

பாய்ந்தான். நாற்காலி சாய்ந்தது. தாழ்ப்பாளை இழுத்தான். கதவை விரியத் திறந்தான்.

முகத்தில் குப்பென்று அனல் அடித்தது.

உள்ளே துணிகள். மடித்தது மடித்தபடி. வேறு எதுவும் இல்லை. கையை வைத்தால் பலகை ஈரமாக இருந்தது.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். புரொஜெக்டர் வெளிச்சம் அவன் சட்டைமேல் விழுந்தது. மாவு வழிந்த சித்தி அவன் முதுகில் நடந்துகொண்டிருந்தாள். தேம்பித் தேம்பி எல்லாவற்றையும் கொட்டினான். “நான் கேட்டேன் சித்தி. ரெண்டு தட்டு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. நரம்பு என் கைலதான் இருந்துச்சு. காட்சி நல்லா வருதேன்னு விட்டுட்டேன். நான்தான் உங்களைக் கொன்னேன்...”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டாண்டு தலையைக் குனிந்துகொண்டான். தங்கை பாயிலிருந்து எழுந்தாள். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

“எல்லாரும் கிளம்புங்க,” என்றாள் கடைசியில்.

“குட்டி...” என்று ரோலிங் அவள் பக்கம் திரும்பினான்.

“போண்ணா. ப்ளீஸ்.”

போட்டது போட்டபடி இறங்கினார்கள். திரும்பிப் பார்க்கிற தைரியம் ரோலிங்குக்கு இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். அழுது முடித்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமென்றால், கொஞ்சம் லேசாக இருந்தது. சொல்லியாயிற்று. திறந்தாயிற்று. சித்தி கேட்டதை இப்போதாவது செய்துவிட்டோம் என்று நினைத்தான்.

ஐந்தே முக்காலுக்கு போன் அடித்தது. தங்கை.

“அண்ணா, உன் மேல கோவமாத்தான் இருந்தேன். இப்பதான் யோசிச்சுப் பாத்தேன்.” குரல் ஒரு மாதிரி இருந்தது. “அம்மா அன்னைக்கு ராத்திரி எனக்கு போன் பண்ணாங்க. ஷூட்டிங் பத்திச் சொன்னாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“நீ யாரையோ அலமாரிக்குப் பின்னாடி நிக்க வச்சுத் தட்ட விட்டியாம். அவங்ககிட்டகூடச் சொல்லாம. ‘எனக்குப் பின்னாலயே டக்கு டக்குன்னு தட்டுறான்டி, என் காலுகிட்ட. எனக்கு உயிரே போயிருச்சு. அவன்கிட்ட சொல்லிடாத, தலைகால் தெரியாம ஆடுவான்’னு சிரிச்சாங்க.”

அலமாரிக்குப் பின்னால் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்க இடமே இல்லை. அது மாடி.

“அம்மா தட்டலைண்ணா,” என்றாள் தங்கை. “ஒரு தடவை தட்டினதோட சரியாம்.”

போனைக் காதில் வைத்தபடியே கம்ப்யூட்டரைத் திறந்தான். அன்று எடுத்த மொத்தப் பதிவும் அதில் இருந்தது. வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, கதவு திறந்ததற்கு அப்புறம் இருந்ததை அவன் திரும்பிப் பார்த்ததே கிடையாது. அவன் தண்ணீருக்கு ஓடிய பிறகும், மற்ற இருவரும் ஜன்னல் பைகளைப் பிரிக்கப் போன பிறகும், கட்டில்மேல் விட்டுப்போன கேமரா, அலமாரியைப் பார்த்தபடியே, அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சித்தி தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

களைத்துப்போய்ச் சாய்ந்திருக்கிறாள் என்றுதான் அன்று நினைத்தான். இல்லை. முதுகால் கதவை அழுத்திக்கொண்டிருக்கிறாள். இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, முழு பலத்தோடு. முகம் ஜன்னல் பக்கம் நிற்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது. வலது கை மட்டும் தலைக்குப் பின்னால் போகிறது. தடவுகிறது. தாழ்ப்பாளைக் கண்டுபிடிக்கிறது.

போடுகிறது.

அப்புறம்தான் எழுந்திருக்கிறாள். மகளிடம் சிரித்துக்கொண்டே சொன்ன கதையை அவளே நம்பியிருக்கவில்லை.

சித்தி உள்ளே வைத்துப் பூட்டியதை, சித்திக்காக என்று அழுதுகொண்டே, அவன் இன்று திறந்துவிட்டு வந்திருக்கிறான். தங்கையைத் தனியாக விட்டுவிட்டும் வந்திருக்கிறான்.

“குட்டி, இப்ப எங்க இருக்க?”

“அம்மா ரூம்லதான். மிஷின்கிட்ட.”

“அந்த அலமாரி...”

“சாத்தித்தான் இருக்கு. நீதானே சாத்திட்டுப் போன?”

“நான் சாத்தல.”

மறுமுனையில் நாற்காலி பின்னால் நகருகிற சத்தம் கேட்டது.

“கீழ இறங்கு. ஓடு. ஓடு குட்டி!”

போன் எதன்மேலோ விழுகிற சத்தம். படியில் தடதடவென்று காலடிகள். தெருக்கதவு. இவன் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினான். போன் காதிலேயே இருந்தது. அந்தப் பக்கம் அவள் போனை மிஷின்மேல் விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள் என்று புரிந்தது. அறையின் அமைதி கேட்டது.

முதல் தெரு திரும்பினான். அமைதி.

இரண்டாவது தெரு.

தாழ்ப்பாள்... மெல்ல... நகருகிற சத்தம்.

அவன் நிற்கவில்லை. மூச்சு வாங்க அந்த வீட்டுத் தெருவுக்கு வந்தபோது, எதிர்ச்சாரி கடை வாசலில் தங்கை வெறுங்காலோடு நின்றிருந்தாள். இவனைப் பார்த்ததும் வந்து கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “உள்ள யாரும் இல்லண்ணா. நான் மட்டும்தான் இருந்தேன். யாரும் இல்ல,” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். “என்னை மன்னிச்சிரு,” என்றான் அவன். எந்தத் தப்புக்கு என்று அவனுக்கே தெரியவில்லை. திறக்காமல் விட்டதற்கா, திறந்ததற்கா?

இருவரும் மாடி ஜன்னலைப் பார்த்தார்கள். கறுப்புப் பைகள் ஒட்டியபடியே இருந்தன. வீட்டுக்குள் போகிற வழி ஒன்றுதான். அது அவர்கள் கண் முன்னால் இருந்தது. யாரும் உள்ளே போகவில்லை.

போன் அவன் கையில்தான் இருந்தது. அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அவள் பெயர் தெரிந்தது, விநாடிகள் ஏறிக்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். துண்டிக்கலாம் என்று அவன் விரலைக் கொண்டுபோனான்.

அதற்குள் அழைப்பு நின்றது.

அவன் வைக்கவில்லை. அந்தப் பக்கம்தான் வைத்தார்கள்.